பெரிய உறுப்பா, பொருந்தும் உறுப்பா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

கார் என்றால் வேகம், வேகம் என்றால் குதிரைத் திறன், குதிரைத் திறன் என்றால் பெரிய பெரிய உறுப்புகள் என்று எண்ணுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. அந்த எண்ணத்தைச் சீராட்டி வளர்த்த நாடு அமெரிக்கா. அங்கே பழைய கார் ஒன்றை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, எஞ்சினைக் கழற்றித் தன் கைப்பட வேகக் காராக மாற்றுவது இளைஞர்களின் பெரும் பொழுதுபோக்காக இருந்து வந்திருக்கிறது. 1948-இல் 'ஹாட் ராட்' என்ற இதழ் அதற்கெனவே தோன்றியது. 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவி, சாலைகளில் நடந்த ஆபத்தான பந்தயங்களை ஒழுங்கான ஓடுதளத்துக்குக் கொண்டுவர முயன்றார். அந்தப் பந்தயத்தின் நீளம் கால் மைல், அதாவது 402 மீட்டர். பிறகு கார் நிறுவனங்களுக்கும் ஆசை பிறந்தது. 1964-இல் பான்டியாக் நிறுவனம் நடுத்தர அளவுக் காரில் 389 கன அங்குல எஞ்சினைப் பொருத்தி 'ஜி.டி.ஓ.' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. பெரிய எஞ்சின், சிறிய கார் என்பதே அந்நாளைய மந்திரம்.

இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொண்டது பந்தயக் கார் அன்று. வார நாள்களில் வேலைக்கும் கடைத்தெருவுக்கும் போக வேண்டும், சனிக்கிழமை மாலை சற்றுத் துள்ளவும் வேண்டும் என்று ஒருவன் ஆசைப்பட்டுக் கட்டும் தெருக் கார். அத்தகைய காரைக் கெடுப்பது உறுப்புகளின் சிறுமை அன்று. ஒன்றுக்கொன்று உறவில்லாத உறுப்புகளின் பெருமையே என்பது என் கருத்து. அந்த உறவு இருக்கிறதா இல்லையா என்பதை ஒளிவு மறைவின்றிக் காட்டிக்கொடுக்கும் உறுப்பு, எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் டார்க் கன்வெர்ட்டர்.

நம் ஊர்ச் சாலையில் காணக் கிடைக்காத காரைப் பற்றி அரசு கலைக் கல்லூரி மாணவன் எதற்கு எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல்வன். என் தந்தை லாரி ஓட்டுநர். ஒரு வண்டியைப் பற்றி அவரிடம் கேட்டால் குதிரைத் திறன் எத்தனை என்று சொல்லமாட்டார். "இழுவை இருக்கு" என்பார், அல்லது "இழுவை பத்தாது" என்பார். வகுப்பில் நான் படிக்கும் முறுக்கு விசையும் ஆற்றலும் அவர் வாயில் 'இழுவை' என்ற ஒரே சொல்லாக வருகின்றன. நூலகத்தில் மோட்டார்ப் பொறியியல் நூல்களைப் புரட்டியபோது, அவர் சொல்லும் இழுவைக்கும் என் பாடப் புத்தகத்துக்கும் பாலமாக எனக்கு அகப்பட்டது இந்தக் கன்வெர்ட்டர்தான். ஆகவே எழுதுகிறேன்.

ஓர் இளைஞன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனிடம் செவ்ரலே 350 எஞ்சினும் மூன்று கியர் தானியங்கிப் பெட்டியும் கொண்ட பழைய கார் இருக்கிறது. 350 என்பது கன அங்குலம். நம் கணக்கில் சுமார் 5.7 லிட்டர். 1967-இல் வெளிவந்த இந்த எஞ்சினைப் போல் அமெரிக்கக் கொட்டகைகளில் கழற்றி மாட்டப்பட்டவை மிகச் சிலவே. கையில் உள்ள சேமிப்பை எடுத்துக்கொண்டு உதிரிப்பாகக் கடைக்குப் போகிறான். பட்டியலில் உள்ளவற்றில் பெரிய கேம் ஷாப்ட் ஒன்று, பெரிய கார்புரேட்டர் ஒன்று. பணம் அத்துடன் தீர்ந்தது. கன்வெர்ட்டரும் பின் அச்சும் பழையவையே. இனி என்ன நடக்கும்?

முதலில் கேம் ஷாப்ட்டைப் பார்ப்போம். வால்வுகள் எப்போது திறந்து எப்போது மூட வேண்டும் என்று ஆணையிடுவது அது. வால்வை இயக்கும் டாப்பெட் 0.050 அங்குலம் எழுந்த நிலையிலிருந்து அளந்தால், சாதுவான தெருக் கேம் 210 முதல் 220 பாகை வரை வால்வைத் திறந்து வைத்திருக்கும். இவன் வாங்கியது 245 பாகை. உள்வால்வு வெகுநேரம் திறந்திருப்பதால், பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலேறத் தொடங்கிய பின்னும் அது மூடுவதில்லை. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது இது நன்மை. ஓடிவரும் காற்றுக்கு ஓர் உந்தம் இருப்பதால், பிஸ்டன் எதிர்த்து வந்தாலும் அது உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். மெதுவாகச் சுற்றும்போதோ அந்த உந்தம் இல்லை. உள்ளே வந்த கலவையைப் பிஸ்டனே வெளியே தள்ளிவிடுகிறது. அழுத்துவதற்குக் கலவை குறைந்தால் இழுவை எங்கிருந்து வரும்? 1970-களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்க நிறுவனங்கள் புகைக் கட்டுப்பாட்டுக்காக அழுத்த விகிதத்தைக் குறைத்தன, 8.5-க்கு 1 என்ற அளவில் வந்த அத்தகைய எஞ்சினில் பெரிய கேமைப் போடுவது, ஏற்கெனவே மெலிந்தவனைப் பட்டினி போடுவதற்கு ஒப்பாகும்.

இதில் உயிர்ப் பிரச்சினையும் ஒன்று இருக்கிறது. உள்வால்வும் வெளிவால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கணம் பெரிய கேமில் அதிகம். அதனால் எஞ்சின் சும்மா ஓடும்போது உள்வழிக் குழாயில் உண்டாகும் வெற்றிடம் குறைந்துவிடும். சாதாரண எஞ்சினில் அது பாதரச அளவில் 45 முதல் 50 சென்டிமீட்டர். பெரிய கேமில் அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடக் கூடும். பிரேக் மிதிக்கு உதவும் பூஸ்டர் நம்பியிருப்பது அந்த வெற்றிடத்தைத்தான். வேகத்தைக் கூட்ட வாங்கிய உறுப்பு, நிறுத்தும் வலிமையைக் குறைக்கிறது! விளம்பரத்தில் கேமின் படத்தைப் போடுகிறவர்கள் பிரேக் மிதியின் படத்தையும் பக்கத்தில் போட்டால் நன்றாயிருக்கும்.

கார்புரேட்டர் கதை சிறியது. பெருக்கல் தெரிந்தால் போதும். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவுக் காற்றை இழுக்கிறது. 350 கன அங்குலம் நிமிடத்துக்கு 6000 சுற்றில், ஒரு துளியும் குறையாமல் நிரம்பினாலும், கேட்கும் காற்று நிமிடத்துக்குச் சுமார் 608 கன அடி. உண்மையில் தெரு எஞ்சின் அவ்வளவு நிரம்புவதில்லை. 85 விழுக்காடு என்று கொண்டால் 516 கன அடிதான். இதற்கு 850 கன அடிக் கார்புரேட்டரை மாட்டினால், குறைந்த வேகத்தில் காற்று அகன்ற தொண்டை வழியே சோம்பலாகப் போகும். பெட்ரோலை நன்றாக உறிஞ்சிப் பொடியாக்கும் வேகம் அதற்கு இராது. 600 அல்லது 650 ஏராளம்.

இனி டார்க் கன்வெர்ட்டருக்கு வருவோம். இதைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

இதைக் கண்டுபிடித்தவர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர். 1905-இல் காப்புரிமை பெற்றார். அவர் நினைத்தது காரை அன்று, கப்பலை. வேகமாகச் சுற்றும் நீராவி டர்பைனை மெதுவாகச் சுற்ற வேண்டிய கப்பல் விசிறியோடு இணைக்க வழி தேடினார். அமெரிக்கப் பயணிகள் காரில் இது 1948-இல் பியூக் நிறுவனத்தின் 'டைனாஃப்ளோ' கியர் பெட்டி வழியாகப் புகுந்தது.

எதிரெதிரே இரண்டு மேசை விசிறிகளை வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும். கன்வெர்ட்டரும் அதுபோன்றதே, காற்றுக்குப் பதில் எண்ணெய். எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது பம்ப். கியர் பெட்டியோடு சேர்ந்தது டர்பைன். இவ்விரண்டோடு நின்றால் அது வெறும் எண்ணெய் இணைப்பு. வாங்கிய முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். நடுவே ஸ்டேட்டர் என்ற மூன்றாவது சக்கரம் நிற்கிறது. டர்பைனை அடித்துவிட்டுத் திரும்பும் எண்ணெய் பம்ப்புக்கு எதிர்த்திசையில் வரும். ஸ்டேட்டர் அதை மடக்கி, பம்ப் சுற்றும் திசைக்கே திருப்பி அனுப்புகிறது. அதனால் கார் கிளம்பும் கணத்தில் எஞ்சின் தரும் முறுக்கு விசை ஏறத்தாழ இரண்டு மடங்கு, சிலவற்றில் இரண்டரை மடங்கு ஆகிறது. வேகம் பிடித்ததும் ஸ்டேட்டர் தன் ஒருவழிக் கிளட்ச்சால் தானும் சுற்றத் தொடங்கி வழிவிட்டுவிடும். பெருக்கமும் அப்போது நின்றுவிடும்.

இரண்டு மடங்கு என்றதும், ஆற்றல் அழிவின்மை விதி என்னாயிற்று என்று வகுப்புத் தோழர்கள் எழுந்து நிற்பார்கள். விதி பத்திரமாகவே இருக்கிறது. ஆற்றல் என்பது முறுக்கு விசையை மட்டும் பொறுத்ததன்று. சுழலும் வேகத்தையும் பெருக்க வேண்டும். பிரேக்கை மிதித்துக் காரை அசையாமல் நிறுத்தி, கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தினால், டர்பைன் இரண்டு மடங்கு விசையோடு திமிறும், ஆனால் சுற்றாது. சுற்றாத சக்கரம் தரும் ஆற்றல் பூஜ்யம். அப்படியானால் எஞ்சின் தந்ததெல்லாம் எங்கே போயிற்று? எண்ணெயைச் சூடாக்கப் போயிற்று. எஞ்சின் 300 நியூட்டன் மீட்டர் விசையோடு நிமிடத்துக்கு 2000 சுற்றில் திணறுகிறது என்றால், கணக்கிட்டுப் பாருங்கள், சுமார் 63 கிலோவாட். நம் வீடுகளில் வாளியில் போடும் ஒரு கிலோவாட் வெந்நீர்க் கம்பிகள் 63-ஐ அந்தச் சிறு எண்ணெய்ப் பானைக்குள் ஒரே சமயம் போட்டதற்குச் சமம். இந்தச் சோதனையை ஐந்து விநாடிக்கு மேல் நீட்டாதே என்று பழுதுபார்க்கும் நூல்கள் எச்சரிப்பது இதனால்தான்.

அப்படித் திணறும்போது எஞ்சின் எட்டுகின்ற வேகத்தைத்தான் 'ஸ்டால் வேகம்' என்கிறார்கள். கார் நிறுவனங்கள் சாதாரணமாகப் பொருத்தித் தரும் கன்வெர்ட்டரில் அது 1500-க்கும் 2000-க்கும் இடைப்பட்டது. நம் இளைஞனின் பெரிய கேமோ 3000 சுற்றைத் தாண்டிய பிறகே விழித்துக்கொள்ளும். எஞ்சினுக்கு உயிர் வரும் முன்பே கன்வெர்ட்டர் அதன் கழுத்தைப் பிடித்துவிடுகிறது. பச்சை விளக்கு விழுந்ததும் கார் முனகிக்கொண்டு நகரும். சிவப்பு விளக்கில் கியரில் நிற்கும்போதோ குலுங்கிக் குலுங்கி அணைந்துவிடும். பணத்தையும் கொடுத்து, முன்பு ஓடியதைவிட மெதுவாக ஓடும் காரை அவன் வாங்கியிருக்கிறான்!

சரி, 3500 சுற்று ஸ்டால் வேகம் உள்ள கன்வெர்ட்டர் ஒன்றையும் வாங்கிவிட்டால் தீர்ந்ததா என்றால், இல்லை. இங்கே பின் அச்சு குறுக்கிடுகிறது. சாதாரணக் குடும்பக் காரின் பின் அச்சு விகிதம் 2.73 என்று இருந்தது உண்டு. 26 அங்குல உயர டயரோடு, மூன்றாம் கியர் நேரடி இணைப்பாக உள்ள பெட்டியில், மணிக்கு 60 மைல், அதாவது 97 கிலோமீட்டர் வேகத்தில் போனால், எண்ணெய் வழுக்கலைக் கணக்கில் எடுக்காமல், எஞ்சின் சுற்றுவது சுமார் 2100. அகலமான அமெரிக்க நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகப் போகிறான். கன்வெர்ட்டரோ தனக்குரிய 3500-ஐ எட்டாமலே வழி முழுதும் வழுக்கிக்கொண்டு வருகிறது. வழுக்கல் வெப்பம், வெப்பம் எண்ணெயின் எமன். வெப்பநிலை 11 செல்சியஸ் பாகை ஏறும் ஒவ்வொரு முறையும் கியர் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்று பட்டறைகளில் ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள். எண்ணெய் கருகினால் அடுத்துக் கருகுவன பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள். அதற்கு மாறாக 4.10 விகித அச்சைப் போட்டால் அதே வேகத்தில் எஞ்சின் 3180 சுற்றுச் சுற்றும். வழுக்கல் குறையும், ஆனால் காதும் பெட்ரோல் காசும் தாங்க வேண்டுமே.

இவற்றைப் பொருத்திப் பார்க்க ஓர் எளிய பெருக்கல் இருக்கிறது. பெயர் பெற்ற மூன்று கியர் பெட்டியான டர்போ ஹைட்ராமேட்டிக் 350-இல் முதல் கியர் 2.52. பின் அச்சு 2.73, கன்வெர்ட்டர் 2 மடங்கு என்றால், கிளம்பும்போது எஞ்சினின் விசை சக்கரத்தில் 13.8 மடங்காகிறது. அச்சை மட்டும் 3.55 ஆக்கினால் அது 17.9. எஞ்சினைத் தொடாமலே இழுவையில் 30 விழுக்காடு ஏற்றம்! சுமார் 1600 கிலோ எடையுள்ள காருக்கு இதைவிட மலிவான உதவி வேறில்லை. இதை என் தந்தையிடம் சொன்னபோது, "கிரவுன் மாத்தினா இழுவை மாறும்னு கிளீனர் பையனுக்கும் தெரியுமே, இதுக்கா காலேஜ்?" என்றார். அவர் கேட்பதும் நியாயம்தான்.

ஆகவே என்னைக் கேட்டால், அந்த இளைஞன் வாங்க வேண்டியது இதுவே: 9 அல்லது 9.5 அழுத்த விகிதம், 210-க்கும் 220-க்கும் இடைப்பட்ட கேம், குறைந்த வேகத்துக்கு ஏற்ற இரட்டைத் தள உள்வழிக் குழாய், 600 அல்லது 650 கன அடிக் கார்புரேட்டர், 3.42 அல்லது 3.55 பின் அச்சு, அவற்றோடு 2200 முதல் 2400 சுற்று வரை ஸ்டால் வேகமுள்ள கன்வெர்ட்டர், எண்ணெய்க்கு ஒரு தனிக் குளிர்விப்பான். 3.42 அச்சில் 60 மைல் வேகத்துக்கு எஞ்சின் 2650 சுற்றுச் சுற்றும். கன்வெர்ட்டரின் ஸ்டால் வேகத்துக்கு அது மேலே இருப்பதால் வழுக்கல் சிறிது. இந்தப் பட்டியலில் எந்த உறுப்பின் பெயரைச் சொல்லியும் நண்பர்களிடம் பெருமை பேச முடியாது. ஆனால் விளக்கிலிருந்து விளக்குக்குப் போகும் தூரத்தில், முன்பு சொன்ன 245 பாகைக் காரை இது பின்னால் விட்டுவிடும்.

பந்தயக்காரர்கள் 5000 சுற்று ஸ்டால் கன்வெர்ட்டர் போடுகிறார்களே, அவர்கள் அறிவற்றவர்களா என்று ஒருவர் வாதிடலாம். இல்லவே இல்லை. அவர்களுடைய எஞ்சின் 5000-க்குக் கீழே வாழ்வதே இல்லை. ஓட்டம் முடிய ஒரு சில விநாடிகள். முடிந்ததும் ஆறவைக்க நேரம் உண்டு. காரை ஓடுதளத்துக்கு வேறொரு வண்டியில் ஏற்றி வருவார்கள். அவர்களின் உறுப்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்தியவைதாம். அந்தக் குடும்பத்திலிருந்து ஓர் உறுப்பைமட்டும் பிரித்தெடுத்துப் பால் வாங்கப் போகும் காரில் மாட்டுவதைத்தான் நான் குறை சொல்கிறேன். வேகம் பிடித்ததும் வழுக்கலை நிறுத்தி நேராகப் பூட்டிக்கொள்ளும் கன்வெர்ட்டரை 1949-இலேயே பேக்கர்ட் நிறுவனம் கொண்டுவந்தது. 1978-இல் கிரைஸ்லரும் சேர்த்தது. இன்றைய தானியங்கிக் கார்களில் அது பொதுவாகிவிட்டது, பூட்டுவதையும் கணினி பார்த்துக்கொள்கிறது. நெடுஞ்சாலைச் சூட்டுக்கு அது மருந்து. சிவப்பு விளக்கில் அணைந்துபோகும் எஞ்சினுக்கு அது மருந்தாகாது.

மிகுந்த குழப்பம் விளைவிப்பது ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கன்வெர்ட்டர்களை '2400', '3000' என்று எண் போட்டு விற்கிறார்கள், ஏதோ செருப்பின் அளவைப்போல. கன்வெர்ட்டருக்கு அப்படிச் சொந்தமாக ஓர் எண் கிடையாது. பம்ப் எதிர்க்கும் விசை, அது சுற்றும் வேகத்தின் இருமடிக்கும், விட்டத்தின் ஐந்துமடிக்கும் ஏற்ப மாறுகிறது. விட்டம் 12 அங்குலத்திலிருந்து 10 அங்குலமானால், மற்றவை மாறாதிருக்க, ஸ்டால் வேகம் ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும். அதுபோலவே, ஒரே கன்வெர்ட்டரை வலிமை மிக்க எஞ்சினின் பின்னால் மாட்டினால் அதிக வேகத்திலும், வலிமை குறைந்த எஞ்சினின் பின்னால் மாட்டினால் குறைந்த வேகத்திலும் ஸ்டால் ஆகும். முறுக்கு விசையின் வர்க்கமூலத்தைப் போல.

இதனால்தான் கன்வெர்ட்டரை அளவெடுத்துச் செய்து தருகிற நல்ல கைவினைஞர், பணத்தை வாங்குமுன் கேள்விகளை அடுக்குகிறார். காரின் எடை என்ன? பின் அச்சு எது? டயர் எவ்வளவு உயரம்? கேமோடு வந்த அளவுச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? எஞ்சினின் முறுக்கு விசை எவ்வளவு? கடைசிக் கேள்விக்கு வரும்போது நம் இளைஞன் மார்பை நிமிர்த்தி, தன் எஞ்சினில் உள்ளதைப்போல 1.44 மடங்கு விசை இருக்கிறது என்று சொல்கிறான் எனக் கொள்வோம். அவரும் அதை நம்பி, அந்த விசைக்கு 2400 சுற்றில் ஸ்டால் ஆகும்படி தட்டுகளை வளைத்துக் கொடுக்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிச் சோதிக்கிறான். 1.44-இன் வர்க்கமூலம் 1.2. அவனுடைய உண்மையான எஞ்சின் அதை 2400 வரை கொண்டுபோக முடியாமல், 2000 சுற்றிலேயே நின்றுவிடுகிறது.